பேனில்லாக் கோழிச் சான்றிதழ்

மனித குல வரலாற்றில் ஐந்து கோழிகளுக்காக ஏழு பேர் தங்களை முழுமையாக அர்ப்பணித்துக்கொண்டது ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. இருபத்தெட்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் அது நடந்தது. 'வளர்ப்புக் கோழிகள் நல மேம்பாட்டுக் குழு' என்று பெயர். ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆள். பெரிய பெரிய மருத்துவமனைகளில்கூட இப்படிக் கவனிப்பு கிடையாது.

குழுவின் செயலாளர் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். கோப்பில் இல்லாத ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தீனி வைப்பது, கூண்டைத் திறப்பது, அடைப்பது, எச்சம் அள்ளுவது போன்ற சில்லறை வேலைகளை அவருடைய மனைவி பார்த்துக்கொண்டாள். அவள் குழுவில் இல்லை. அவளுக்கு நேரம் இருக்காது என்று குழுவே முடிவு செய்துவிட்டது.

ஐந்தில் தவிட்டு நிறக் கோழி அவளுடைய செல்லம். பிள்ளைகள் வேலைக்கென்று தொலைதூரம் போன பிறகு அவள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அதனோடுதான். அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்கும். செயலாளர் அப்படிக் கேட்டதாகப் பதிவு இல்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் கவலையோடு இறங்கி வந்தாள்.

"ஏங்க, தவிட்டுக்காரிக்குக் கொண்டையெல்லாம் வெளுத்துக் கெடக்கு. ரெண்டு நாளா கூண்டுக்குள்ள போகவே மாட்டேங்குது. தூக்கி விட்டாலும் வெளிய ஓடி வருது."

"எழுத்துல கொடு."

"உங்ககிட்டதான சொல்றேன்?"

"என்கிட்ட சொன்னா புருஷன்கிட்ட சொன்னதா ஆகும். செயலாளர்கிட்ட சொன்னதா ஆகாது."

எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை சரியாகப் பதினோரு மணிக்குக் குழு மாடியேறியது. அந்த ஆய்வைக் குறை சொல்ல எவராலும் முடியாது. ஒவ்வொரு கோழியையும் தலைகீழாகப் பிடித்து, இறக்கையை விரித்து, தொடையிடுக்கிலும் வாலடியிலும் இறகை ஊதி ஊதி, தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பேன் இல்லை. ஈர் இல்லை. உண்ணி இல்லை. 'கோழியின் மேல் காணப்பட்ட ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் செயலாளர் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதினார். 'பேனில்லாக் கோழிகள்' என்ற சான்றிதழ் பிளாஸ்டிக் உறை போட்டுக் கூண்டுக் கதவில் தொங்கவிடப்பட்டது.

நான்காம் நாள் காலை அந்தச் சான்றிதழுக்கு நேர் கீழே வெள்ளைக் கோழி செத்துக் கிடந்தது.

குழு இரண்டு நிமிடம் எழுந்து நின்றது. ஒட்டுண்ணி இல்லை என்று சான்றிதழே இருப்பதால், சாவுக்குக் காரணம் 'மன அழுத்தம்' என்று பதிவாயிற்று. வரவழைக்கப்பட்ட மனநல ஆலோசகர் கூண்டின் முன் வெகுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"இதுங்களுக்குத் தன்னம்பிக்கை கொறஞ்சிருக்கு. ஒரு கண்ணாடி மாட்டுங்க. புல்லாங்குழல் போட்டு விடுங்க" என்றார்.

இரண்டும் செய்யப்பட்டன. கோழிகள் கண்ணாடியில் முகம் பார்த்தபடி, புல்லாங்குழல் கேட்டபடி, விடாமல் சொறிந்துகொண்டன.

மனைவி சத்தமில்லாமல் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள். "கோழியைப் பாக்காதீங்கம்மா. அது உக்கார்ற கட்டையைப் பாருங்க" என்றார் அவர். மறுநாள் காலை ஒரு பழைய வெள்ளைத் துண்டைக் கட்டையின் அடிப்பக்கமாக இழுத்துத் துடைத்தாள். துண்டில் சிவப்புக் கோடு விழுந்தது. அதை அப்படியே கொண்டுவந்து கூட்ட மேசையில் விரித்தாள்.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"ரத்தம். நம்ம கோழிங்களோட ரத்தம். கடுகுல பாதிகூட இல்லாத பூச்சிங்க. பகல் பூரா கட்டை இடுக்குல பதுங்கி இருக்குமாம். ராத்திரி கோழி அசந்ததும் ஏறிக் குடிச்சிட்டு, விடியறதுக்குள்ள எறங்கிடுமாம். பதினோரு மணிக்குப் போய்க் கோழியைத் தலைகீழா புடிச்சா எப்படித் தெரியும்?"

செயலாளர் படிவத்தை எடுத்து இரண்டு முறை படித்தார். "'கோழியின் மேல்'னுதான் இருக்கு. கட்டைக்குக் கட்டமே இல்லையே."

"கட்டை கோழியாகுமா?" என்று தலைவர் சபையைக் கேட்டார்.

ஆகாது என்று ஏழு கைகள் உயர்ந்தன. படிவத்தில் 'காணப்பட்ட இடம்' என்று புதிய கட்டம் சேர்க்கத் துணைக்குழு அமைக்கப்பட்டது. மூன்று வாரத்தில் அறிக்கை. அதுவரை கூண்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

"மூணு வாரம் தவிட்டுக்காரி தாங்காதுங்க" என்றாள் மனைவி, கணவரைப் பார்த்து. செயலாளருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது உண்மை. ஆனால் அது நடவடிக்கைக் குறிப்பில் எழுதக்கூடியதாக இல்லாததால் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

அவர் பேச்சை மீற வேண்டாமென்று அவள் மூன்று நாள் பொறுத்தாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான். நான்காம் நாள் காலை கட்டைகளைக் கழற்றி, இடுக்கெல்லாம் கொதிக்கும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். பழைய வைக்கோலை எரித்தாள். மருத்துவர் கொடுத்த மருந்தைக் கூண்டின் மூலைமுடுக்கெல்லாம் அடித்தாள். பூச்சியின் முட்டைகள் பொரிக்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடித்தாள். மூன்று கோழிகள் மருந்தடித்த முதல் நாள் சாயங்காலமே தாமாகக் கூண்டுக்குள் போயின. தவிட்டுக்காரி போகவில்லை. அன்று மத்தியானமே அவள் மடியில் கிடந்தபடி, தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டு, செத்துப்போனது. அவள் அழுத அழுகை கீழ்மாடி வரைக்கும் கேட்டது.

துணைக்குழு சொன்ன தேதியில் அறிக்கை தந்தது. மூன்று கோழிகளைக் காப்பாற்றியதற்காகக் குழு தனக்குத்தானே நன்றி தெரிவித்துக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. புதிய படிவத்தின் முதல் தாளை நிரப்பும் கௌரவத்தை அந்த அம்மாளுக்கே வழங்கியது.

அவள் மறுக்கவில்லை. நின்றபடியே எழுதி, தாளைக் கணவர் முன் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மீதி மூன்றுக்கும் தீனி வைக்கும் நேரம்.

செயலாளர் வழக்கம்போல் உரக்கப் படித்தார். "ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை: ஏழு. காணப்பட்ட இடம்: மேசையைச் சுற்றி. காணப்பட்ட நேரம்: பட்டப்பகல்."

செயலாளர் தலையை நிமிர்த்தி மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக எண்ணினார். ஆறுதான் வந்தது. முப்பத்திரண்டு வருட அனுபவம் வீண்போகுமா? பிழையைக் கண்டுபிடித்த நிம்மதியோடு சிவப்புப் பேனாவைத் திறந்து, 'ஏழு' என்பதை அடிக்கப் போனார். ஆறு பேரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான், தன்னை எண்ணவில்லை என்பது நினைவுக்கு வந்தது.