தொண்ணூறு டிகிரியிலும் கலங்காத பாட்டில்

நாலாவது பாட்டில்தான் அவள் மானத்தை வாங்கியது.

நாலிலும் ஒரே நீல மயில்துத்தக் கரைசல்தான். மாலையில் நாலையும் நாலு விதச் சூட்டில் வைத்துவிட்டுப் போவாள், காலை ஒன்பதுக்கு வந்து அளப்பாள். தாமிர அயனி தண்ணீரைச் சும்மா விடாது. மூலக்கூறைப் பிய்த்து, பாதியைத் தன்னோடு வைத்துக்கொண்டு, அமிலத்தை வெளியே தள்ளும். பிய்ப்பதற்கு வெப்பம் வேண்டும். ஆகவே சூடு ஏறினால் அமிலமும் ஏறும், வைத்துக்கொண்ட பாதி கரையாமல் பிரிந்து கரைசலும் கலங்கும். அந்த வெப்பம் எவ்வளவு என்பதுதான் அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி.

புத்தகம் சொன்னபடி கலங்க வேண்டிய நாலாவது பாட்டில், எண்பது டிகிரியிலும் பளிங்கு மாதிரி இருந்தது.

"கலங்கல் எங்கம்மா?" என்றார் பேராசிரியர்.

"தெரியல சார். அமிலம் மட்டும் கணக்குக்கு மேல இருக்கு."

"அதெப்படி? குழந்தை பொறந்திருச்சு, பிரசவம் நடக்கலங்கற மாதிரி இருக்கு. தண்ணியை மாத்து."

மாத இறுதியோடு அவளுடைய முனைவர் பட்டப் பதிவு காலாவதியாகிறது. வீட்டுக்காரர் வேறு, "கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது. பொண்ணு எல்.கே.ஜி. போயிட்டா" என்று நாள் தவறாமல் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

தண்ணீரைக் கொண்டுவந்தவர் ஸ்டோர் அண்ணன். காலை ஏழுக்கு ஆய்வகத்தைத் திறந்து, மாணவர்களுக்கான பாட்டில்களைத் துடைத்து அடுக்கி வைப்பவர். முப்பது வருட சர்வீஸ்.

"மூணு தடவை காய்ச்சி வடிச்சதும்மா. மழைத் தண்ணிகூட இவ்வளவு சுத்தம் கிடையாது."

மறுநாளும் பளிங்குதான்.

சரி, சூடு போதவில்லை என்று நாலாவதைத் தொண்ணூறுக்கு ஏற்றினாள். மறுநாள் காலையில் அமிலம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. கலங்கல் மருந்துக்குக்கூட இல்லை. அவளுக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. பட்டம் போனாலும் போகட்டும், இந்த நீலத் தண்ணீருக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று தோன்றியது. அப்புறம் பட்டமும் வேண்டும் என்று தோன்றியது.

மாணவர்கள் யாராவது விளையாடுகிறார்களோ? அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை ஸ்டோர் அண்ணனிடமே கொடுத்தாள்.

"அண்ணே, இது என் ஆறு வருஷ உழைப்பு. ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க."

"கவலைய விடுங்கம்மா. என் சொந்தப் பாட்டில் மாதிரி பாத்துக்கறேன்."

அன்று மாலை மூன்றாவது பாட்டிலையும் எண்பதுக்கு ஏற்றிவிட்டுப் போனாள்; அடுத்த நாள் அதுவும் பளிங்கு.

அன்றோடு பேராசிரியரின் முகமே மாறிப்போனது. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது தப்பில்லம்மா. கண்டுபிடிப்பு. புத்தகத்தையே மாத்தி எழுதணும்."

"இன்னொரு தடவை செஞ்சு பாத்துடலாமே சார்."

"பாக்கலாம். நிபுணர்கள் முன்னாடியே பாக்கலாம். அவங்க தலையாட்டிட்டா உன் பட்டமும் கையில."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு நிபுணர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் புதுக் கரைசலை அடுப்பில் வைத்தாள். எழுபது டிகிரிவரை தெளிவாகத்தான் இருந்தது. எண்பதில் அடியில் லேசாகப் புகை மாதிரிக் கலங்கல் படர்ந்தது. தொண்ணூறில் சோப்புத் தண்ணீர் ஆகிவிட்டது.

நிபுணர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "புத்தகத்துல இப்படித்தானே இருக்கு?" என்றார் ஒருவர், மெதுவாக. பேராசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது.

அப்போது தேநீர்த் தட்டோடு ஸ்டோர் அண்ணன் உள்ளே வந்தார். பாட்டிலைப் பார்த்தார். தட்டை மேசையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, சொட்டுக்குழாயால் ரெண்டு சொட்டு விட்டு ஒரு கலக்குக் கலக்கினார். கரைசல் பளிங்காயிற்று.

"கண்ணு முன்னாடியே கலங்குது, ஒரு குரல் குடுத்திருக்கலாமேம்மா" என்றார் அவளிடம், வருத்தத்தோடு. "தினமும் காலையில நான்தானே சரி பண்றேன்."

அவளுக்கு ஆறு வருடமும் கண் முன்னால் சுற்றியது. பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யோவ், ஆராய்ச்சிப் பாட்டில்ல ஆசிட் விடச் சொல்லி உனக்கு யார்யா சொன்னது?"

ஸ்டோர் அண்ணன் தேநீரை அவர் முன்னால் பணிவாக நகர்த்தி வைத்தார்.

"நீங்கதான் சார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே, 'எந்த நீலப் பாட்டில் கலங்கினாலும் ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போய்க்கிட்டே இரு, ஏன் எதுக்குன்னு என்கிட்ட வந்து நிக்காதே'ன்னு சொன்னீங்க."