கல்யாணக்கா கழிக்காத செலவு

கோலா கெத்தில் வட்டாரத்தில், கல்யாணக்கா வந்து நிற்காமல் கட்டிய தாலி செல்லாது என்று நம்பியவர்கள் உண்டு. பாலிங் வரையிலுள்ள ரப்பர் தோட்டங்களில் யார் வீட்டில் கல்யாணம் பேசினாலும் ஜோசியருக்கு முன்னால் அவருக்குத்தான் போன் போகும். மணவறை ஜோடனை, மண்டபம், மேளம், சாப்பாடு, முகூர்த்த நேரத்தில் காணாமல் போகும் தாய்மாமனைத் தேடிப் பிடிப்பது எல்லாமே அவர் பொறுப்பு. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். டயர் கடைக்கு மேல்மாடியில் சின்னதாகக் கணக்கு ஆபீஸ் வைத்திருக்கிறேன். அவருடைய வருமான வரிக் கணக்கை எழுதியது நான்தான்.

வரி மாதம் வந்தால் ஒரு பலகாரப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பார். உள்ளே ரசீதுகள். பன்னீர் வாசம் அடிக்கும். தொழிலுக்குத்தான் செலவு செய்தோம் என்று காட்ட வேண்டும், காரணத்தை எழுதி வையுங்கள் என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு ரசீதின் பின்பக்கமும் ஒரு கதை. "பெட்ரோல்: மாப்பிள்ளையின் சித்தப்பா கோவித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார், துரத்திப் போய்க் கூட்டி வந்தேன்." "ஐஸ் கட்டி: பொண்ணு அழுது கண் வீங்கிவிட்டது." பெட்ரோலைப் பயணச் செலவில் சேர்த்தேன். ஐஸை எதில் சேர்ப்பது என்று அரை நாள் யோசித்து, ஒப்பனைச் செலவு என்று எழுதினேன்.

பட்டுச்சேலை விஷயத்தில்தான் எங்களுக்குச் சண்டை.

"ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுசு கட்டுறேன்லா தங்கச்சி. இது யூனிஃபார்ம்."

"உடுத்துற துணி சொந்தச் செலவுக்கா. கழிக்க முடியாது."

"சொந்தச் செலவா? இதக் கட்டிக்கிட்டு வீட்டுல கருவாடா பொரிக்கிறேன்?"

மொய்க்கும் இதே வழக்கு. தான் நடத்துகிற கல்யாணத்தில் தானே முதல் ஆளாக மொய் எழுதிவிட்டு, "விளம்பரம்னு போடு" என்பார். வேனை வேகமாக ஓட்டி வாங்கிய சம்மனை நீட்டி, "நான் மெதுவா போயிருந்தா முகூர்த்தம் தப்பியிருக்கும்லா" என்று வாதாடுவார். அபராதத்தைச் செலவில் கழிக்கவே முடியாது என்று சொன்னால், சட்டம் எழுதியவர் வீட்டில் கல்யாணமே நடந்திருக்காது என்று முடிவு கட்டிவிடுவார்.

ஒரு வருஷம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கணக்கைச் சரிபார்க்க வேண்டுமென்று ஆதாரங்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு இருந்த சிக்கல் ஒன்றுதான். சில வருஷத்துக்கு முந்தைய கணக்கில், ஒரு கல்யாணத்துக்குப் பூ, மண்டபம், வாழைமரம், சாப்பாடு என்று பெரிய செலவு எழுதியிருந்தோம். வரவு எதுவும் இல்லை. கணக்கு எழுதும்போதே நான் கேட்டேன். வேலை நின்றுபோனது, வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார். இந்தத் தொழிலில் அப்படி நடப்பதுதான். இப்போது அதை நிரூபிக்க வேண்டும்.

"அந்த வீட்டுக்காரங்ககிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டா போதும்க்கா. காசு திரும்ப வந்துச்சுன்னு ஒரு வரி."

"வேணாம். அந்தச் செலவ எடுத்துடு."

"இவ்வளவு பெரிய செலவ விட்டா வரி ஏறிடும். அபராதமும் போடுவாங்க."

"போடட்டும்லா."

காரணத்தை அவர் சொன்னது, வரி அலுவலகத்து வாசலில் வேனை நிறுத்திய பிறகுதான். கல்யாணத்துக்கு முதல் நாள், தோரணமெல்லாம் கட்டி முடித்த நேரத்தில், மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெற்கே ஏதோ தூரத்து ஊர், அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரியோடு ராத்திரியாகத் தோரணத்தை அவிழ்த்துவிட்டு, மறுநாள் காலையில் கல்யாணக்கா பட்டுச்சேலையோடு மண்டபத்து வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் கைகூப்பியிருக்கிறார். "மண்டபத்துக்காரங்க மேல தப்பில்ல. நான்தான் அவங்ககிட்ட தேதியத் தப்பா சொல்லிட்டேன். கல்யாணத்தத் தள்ளி வச்சிருக்கோம், மன்னிச்சுக்குங்க."

சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர் காறித் துப்பிவிட்டுப் போனாராம். அந்தச் சீசனில் அவருக்கு வரவேண்டிய கல்யாணங்கள் கைமாறிப் போயின. கல்யாணக்காவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டது எனக்கும் நினைவிருக்கிறது.

"அந்தப் பொண்ணு இப்ப வேற ஊர்ல நல்லா இருக்கு தங்கச்சி. கைப்புள்ள இருக்கு. புருஷன் வீட்டுக்கு இந்தக் கதை தெரியாது. கடுதாசி கேட்டு நாம போன் பண்ணி, அத யாராச்சும் கேட்டு, அதுலேருந்து ஒரு பேச்சு கிளம்புனா? வேணாம்லா."

உள்ளே இருந்த அதிகாரி இளம் மலாய்ப் பெண், தன்மையானவள். அக்காவைத் தங்கள் வழக்கப்படி 'காக்' என்று கூப்பிட்டாள்; மலாயில் அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம். பேச்சு மலாயில் நடந்தது.

"காக், இந்தச் செலவு உண்மையான செலவுதானே? ரசீது எல்லாம் சரியா இருக்கே. யாரோட கல்யாணம்னு மட்டும் சொல்லுங்க, நான் பார்க்கறேன்."

"எனக்குக் கணக்கு வழக்கு அவ்வளவா தெரியாது மகளே. தப்பா எழுதிட்டேன். எடுத்துடுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லமாட்டாயா என்று கேட்கிற பார்வை. மேசைக்கடியில் அக்காவின் கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் குனிந்து கோப்பைப் புரட்டினேன். "கணக்கு எழுதறவங்க இதையெல்லாம் கவனிக்கணும்" என்று எனக்கும் ஒரு வார்த்தை விழுந்தது. அவள் கடமை, சொன்னாள். அந்தச் செலவு அடிக்கப்பட்டது.

கூடுதல் வரியையும் அபராதத்தையும் தவணை தவணையாகக் கட்டினார். அந்த வருஷக் கல்யாணங்களுக்கெல்லாம் பழைய சேலையைத்தான் கட்டிவந்தார். யாரோ அதையும் கவனித்துக் கேட்டதற்கு, "இதுதான் இப்ப ஃபேஷன்" என்றாராம். ஊர் அந்தத் தேதிக் குழப்பத்தை மறக்கவில்லை. அவரும் இன்றுவரை திருத்தவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்டபோது, ஆளையும் தோட்டத்தையும் அடையாளம் தெரியாமல் மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

இப்போது முட்டிவலி அதிகமாகி, தொழிலை விட்டுவிட்டுப் பண்டார் பாருவில் தம்பி வீட்டில் இருக்கிறார். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் போய்விடுகிறேன். போன வாரம் போனபோது, "பசியாறிட்டியா?" என்று கேட்டவர், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. அவர் கண் விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.