பாலனுக்குத் தண்ணீர்த் தள்ளுபடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, கிள்ளானுக்கு ஏழு மைல் தள்ளியிருந்த சுங்கை கெலாடி ரப்பர் தோட்டத்துக்கு, கோலாலம்பூர் சிசு வளர்ச்சி இலாகாவிலிருந்து முப்பத்தாறு டின் சோயா மொச்சைப் பால்மாவும் ஓர் உத்தரவும் வந்து சேர்ந்தன. டின்கள் லோரியில் வந்தன. உத்தரவு தனியாகக் காரில் வந்தது.

உத்தரவின் சாரம் இது. தாய்மார் பால்மரம் சீவுவதை நிறுத்திவிட்டு, பத்து மணிக்கு ஆயாக் கொட்டகைக்கு ஓடிவந்து கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதால் நாளொன்றுக்கு அரை மணி வீணாகிறது. ஆகையால் குழந்தைகளுக்கு இனிமேல் சோயாப் பால். மூன்று மாதம் நிறுத்துப் பார்த்து, குழந்தைகள் தேறியிருந்தால் பத்து மணி விடுப்பு ரத்து. அதுவரை உண்டு.

கொட்டகையின் ஆயா நல்லம்மாள் உத்தரவைக் கேட்டதும் தலைகளை எண்ணினாள். கொட்டகையில் கைக்குழந்தைகள் ஒன்பது. பசி வந்தால் ஒன்பதும் ஒரே சுருதியில் அழும். அவளுக்கு இருப்பதோ இரண்டு கை.

ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். மாவைக் கரைத்துச் சங்கில் ஊட்டினாள். எட்டுக் குழந்தைகள் நாக்கால் வெளியே தள்ளின. வள்ளியம்மாவின் நாலு மாத மகன் பாலன் மட்டும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, பிறகு ஆயாவின் முகத்திலேயே திருப்பிக் கொடுத்தான்.

சர்க்காரின் மாவைக் கொட்டவும் மனம் வரவில்லை. வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப் போட்டு அடையாகச் சுட்டு, பத்து மணிக்கு ஓடிவரும் தாய்மாருக்கு ஆளுக்கு இரண்டு கொடுத்தாள். அடையைத் தாய் தின்றாள். பாலைப் பிள்ளை குடித்தது. ஒரே மாதத்தில் ஒன்பதும் பூசணிப் பிஞ்சு மாதிரி உருண்டுவிட்டன. ஆபத்தே அதில்தான் இருந்தது.

மாதக் கடைசியில் பிள்ளைகளை நிறுக்க இலாகா தராசு அனுப்பவில்லை. ஆகவே ரப்பர்ப் பால் நிறுக்கும் தராசுக்கே தூக்கிப் போனார்கள். தராசுக்கு அதிபதி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி தம்புசாமி. இருபத்திரண்டு வருஷமாக வாளி நிறுத்தவர். அவர் பேரேட்டில் மூன்று பத்தி: மொத்தம், தண்ணீர்த் தள்ளுபடி, மிச்சம். கூலி மிச்சத்துக்குத்தான். வாளியில் மழைத் தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கும் என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துக் கழித்துவிடுவார்.

"பாலன். பதிமூணு ராத்தல். தண்ணி மூணு. மிச்சம் பத்து."

"பிள்ளையில ஏதுங்கய்யா தண்ணி?" என்றாள் நல்லம்மாள்.

தராசில் கிடந்த பாலன் அந்த நேரம் பார்த்துப் பதில் சொன்னான். கிராணி பேரேட்டைத் துடைத்துக்கொண்டு, "இப்பத் தெரியுதா?" என்றார்.

நவம்பரில் பாலன் பதினைந்து ராத்தல். தண்ணீர் ஆறு. மிச்சம் ஒன்பது.

"பிள்ளை கூரைக்குள்ளதானே இருந்துச்சு, ஐயா?"

"நேத்து மழை பெஞ்சுச்சா இல்லையா?"

"பெஞ்சுச்சு."

"அப்புறம் என்ன?"

டிசம்பரில் பதினாறு. அந்த வாரம் அடைமழை. தண்ணீர் எட்டு, மிச்சம் எட்டு.

அன்றைக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இலாகா அதிகாரி ரபேல் தொப்பியும் டையுமாக வந்து இறங்கினார். பேரேட்டைப் பார்த்தார். பாலனைத் தூக்கினார், ஒரு கை போதாமல் இரண்டு கையால் தூக்கினார்.

"கொழுகொழுன்னு இருக்கானே, கிராணி?"

"அது பார்வைக்கு, சார். பேரேட்டுல எட்டு ராத்தல்தான்."

ரபேல் பேரேட்டை நம்பினார். படித்தவர் அல்லவா. ஆனால் அதே படிப்பு அவர் கண்ணை நடுப் பத்திக்கும் கொண்டுபோயிற்று.

"இது என்ன?"

"தண்ணிங்க சார்."

"குழந்தைக்கா?"

"ஆத்தா கொண்டாற வாளிக்கும் அப்படித்தான் சார். நான் ஆள் பார்த்துத் தள்ளுறதில்ல."

"எதை வச்சுக் கணக்கு?"

"பார்த்தாலே தெரியும் சார்."

ரபேல் பாலனை ஆயா கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பத்தியை அடிக்கப் பென்சிலை எடுத்தார். நல்லம்மாள் கணக்குப் போட்டாள். பத்தி போனால் பதிமூன்று, பதினைந்து, பதினாறு. பிள்ளை தேறிவிடும். பத்து மணி போய்விடும்.

ஆனால் ரபேல் நியாயஸ்தர். வாளியோடு வரிசையில் நின்ற ஒன்பது தாய்மாரிடமும் கேட்டார்: "தினமும் இந்தத் தள்ளுபடி உங்களுக்கு நடக்குது. இது சரிதானா? பயப்படாம சொல்லுங்க."

வள்ளியம்மா முதலில் நின்றாள். ஐந்து வருஷமாகத் தினம் தராசடியில் கிராணியோடு மல்லுக்கு நிற்பவள். 'வானம் பெஞ்சதுக்கு என் வாளியில ஏன் கை வைக்கிறே?' என்று முந்தாநாள் போட்ட சத்தம் துரை பங்களா வரை கேட்டது. கேட்க ஓர் ஆள் வந்துவிட்டார் என்று வாயைத் திறந்தாள்.

நல்லம்மாள் பாலனின் தொடையில் மெல்லக் கிள்ளினாள். அவன் வீறிட்டான். வள்ளியம்மாவின் ரவிக்கை நனைந்தது. வாளியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"சரிதாங்கய்யா," என்றாள். "கிராணி ஐயா கண்ணு தப்பாது."

மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். ரபேல் அதை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்பது கைநாட்டும் வாங்கி, ஒன்றைப் பேரேட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். இரண்டு வாரத்தில் இலாகாவின் முடிவு வந்தது: சோயாப் பால் இந்தச் சீதோஷ்ணத்தில் குழந்தை உடம்பில் தண்ணீராகிவிடுகிறது, பத்து மணி விடுப்பு நீடிக்கலாம், மேல் பரீட்சைக்காக எழுபத்திரண்டு டின் அனுப்பப்படும்.

மறுநாள் நல்ல வெயில். வள்ளியம்மாவின் வாளி முப்பது ராத்தல்.

"தண்ணி பத்து," என்றார் கிராணி.

"ஒரு பொட்டு மழை இல்லையே..."

 கிராணி பேரேட்டில் ஒன்பது கைநாட்டு இருந்த பக்கத்தைப் புரட்டி அவள் பக்கம் திருப்பிவைத்தார். வள்ளியம்மா காலி வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் வாசனை பிடித்துக்கொண்டு கிராணியே ஆயாக் கொட்டகைக்கு வந்தார்.

"எனக்கும் ரெண்டு அடை குடு, நல்லம்மா."

நல்லம்மாள் இரண்டை எடுத்தாள். உற்றுப் பார்த்து, ஒன்றைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"ரெண்டு கேட்டேனே?"

"மாவுல தண்ணி கலந்திருக்குங்கய்யா," என்றாள். "பார்த்தாலே தெரியும்."