கொட்டகையில் காய்ச்சிய ஒயின்

மனைவியின் சோப்புத் தொழிலுக்குத் தோள் கொடுப்பது என்று எல்மோர் ஹாப்னர் ஒரு நாள் காலை திடீரென்று தீர்மானித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு முட்டையைக்கூட வேகவைத்து அறியாத மனிதர். தீர்மானத்தைக் கேட்டதும் நோரீன் அவர் நெற்றியைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. காரணம்தான் இருந்தது.

எல்மோர் ஆஸ்திரேலியாவின் திராட்சைப் பிரதேசமான பரோசாவிலேயே பிறந்து, ஒயின் ஆலையில் பீப்பாய்களுக்கு நடுவில் உழைத்து ஓய்வு பெற்றவர். தன் நாக்கைப் போல ஒரு நாக்கு டனுண்டா ஊரில் வேறு எவனுக்கும் கிடையாது என்பது அவர் கட்சி. ஒரு வாய் குடித்தால் போதும். எந்தத் தோட்டம், எந்தச் சரிவு, அந்த வருஷம் மழை அறுவடைக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். சொன்னது சரியா என்று போய் விசாரிக்க யாருக்கும் பொழுதில்லை. அதனால் புகழ் அப்படியே நிலைத்திருந்தது.

அந்த நாக்குக்குத்தான் டாக்டர் பூட்டுப் போட்டிருந்தார். ஈரல் வீங்கியிருக்கிறது, அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது, அப்போதும் வீக்கம் இறங்கவில்லை என்றால் ஆயுசுக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார். நோரீன் அன்றைக்கே வீட்டிலிருந்த பாட்டில்களை எல்லாம் காரில் ஏற்றித் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு வந்தாள். கேக்கில் ஊற்ற வைத்திருந்த ஷெர்ரியைக்கூட விட்டுவைக்கவில்லை. திராட்சைக் கொடி ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிற ஊரில், மனிதர் ஆப்பிள் ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் வீட்டுக்குள் மறுபடியும் ஒயின் வந்தது. நோரீன் ஆலிவ் எண்ணெயில் சோப்புக் காய்ச்சி, சனிக்கிழமைச் சந்தையில் விற்பாள். அடிலெய்டிலிருந்து வந்த ஒரு அம்மாள், பரோசாவில் இருந்துகொண்டு ஒயின் சோப்பு போடாமல் இருக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போக, அது அவள் மனதில் பதிந்துவிட்டது. ஆலையில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொல்லி, லேபிள் ஒட்டாத ஷிராஸ் சிவப்பு ஒயின் பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தாள். சலவை அறையில் அடுக்கிப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

"குளிக்கிறவனுக்கு ஷிராஸ். வீட்டு மனுஷனுக்கு ஆப்பிள் ஜூஸ். நல்லா இருக்கு நியாயம்," என்றார் எல்மோர்.

"குளிக்கிறவனுக்கு ஈரல் வீங்கலையே," என்றாள் நோரீன்.

ஒயினை அப்படியே சோப்பில் ஊற்ற முடியாது, முதலில் காய்ச்ச வேண்டும். அதில் இருக்கும் சாராயம் ஆவியாகிப் போகாவிட்டால் காஸ்டிக் சோடாவைப் பார்த்ததும் அது சண்டைக்குப் போகும் என்று அவள் விளக்கமாகவே சொன்னாள். எல்மோரின் காதில் அதெல்லாம் விழவில்லை. "ரெண்டு பாட்டில் சுண்டி ஒரு பாட்டில் ஆகணும்" என்றாளே, அது மட்டும்தான் விழுந்தது. விழுந்த இடத்தில் முளைவிட்டு, ராத்திரிக்குள் மரமாகிவிட்டது.

மறுநாள்தான் அந்தத் தீர்மானம். சமையலறையில் காய்ச்சினால் திரைச்சீலையெல்லாம் நாறும், உனக்கும் தலைவலி வரும், என் கொட்டகையில் கேஸ் அடுப்பு சும்மாதானே கிடக்கிறது, நான் காய்ச்சித் தருகிறேன் என்றார். குரலில் அவ்வளவு கரிசனம். நோரீன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றிப் போய், இரண்டு பாட்டில்களை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

எல்மோரின் ஏற்பாடு எளிமையானது. அடுப்பில் ஒரு பானை நிறையப் பச்சைத் தண்ணீர். அது கொதித்துக் கொட்டகை ஜன்னல் வழியாகப் புகை புகையாக ஆவியை விடும். சமையலறையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் வேர்வை சிந்தி உழைப்பது போலத் தெரியும். ஒரு பாட்டில் எல்மோருக்குள் போகும். இன்னொரு பாட்டில், காய்ச்சிச் சுண்டிய ஒயின் என்ற பட்டத்தோடு நோரீனிடம் போகும். கணக்கு எங்கேயும் இடிக்காது.

தனியாகக் குடிப்பது மரியாதை இல்லை என்று, பக்கத்து வீட்டு டெஸ்ஸை வேலிக்கு மேலே எட்டிக் கூப்பிட்டுக்கொண்டார். டெஸ் லூத்தரன் தேவாலயத்தில் பாடுகிறவர், எதற்கும் முதலில் தயங்குகிற சுபாவம். அன்றைக்கு வேலியைத் தாண்டும் வரைக்கும்தான் தயங்கினார்.

முதல் ஈடு சோப்பு அந்த வாரமே போடப்பட்டது. நோரீன் கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு, எல்மோர் தந்த ஒயினில் காஸ்டிக் சோடாவைப் போட்டாள். போட்டதுதான் தாமதம், அது புஸ்ஸென்று பொங்கி, வாளியை விட்டு ஏறி, மேஜையில் நடந்து, ஓரத்திலிருந்து தரைக்கு இறங்கியது. நோரீன் இரண்டடி பின்னால் போய் நின்று, அது அடங்கும் வரை பார்த்தாள். பிறகு எல்மோரைக் கூப்பிட்டாள்.

"நல்லாக் காய்ச்சினியா?"

"காய்ச்சினேனாவா? ஜன்னல்ல நீதானே ஆவியைப் பார்த்தே."

"பார்த்தேன். அடுப்புல ஏதோ கொதிச்சது."

"இது அந்த வருஷத்துத் திராட்சையோட குணம், நோரீன். வெயில் கூடின வருஷம். கோபம் உள்ளேயே தங்கிடும்."

அப்படியா என்று கேட்டுவிட்டு அவள் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். நோரீன் திட்டினால் மழை பெய்து விடுகிற மாதிரி, அதோடு தீர்ந்தது. அவள் பேசாமல் துடைத்தால் குடையை எடுக்க வேண்டும். இது எல்மோருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அரை பாட்டில் ஷிராஸ் உள்ளே இருந்ததால் அன்றைக்கு வானம் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த தடவை பாட்டில்களைக் கொடுக்கும்போது மூடிகள் ஏற்கெனவே திருகித் திறந்திருந்தன. காடியாகப் போயிருக்கிறதா என்று மோந்து பார்த்தேன் என்றாள் நோரீன். பொறுப்பான பெண் என்று எல்மோர் மனதுக்குள் பாராட்டினார்.

இந்தத் தடவை சோப்பு பொங்கவில்லை. பட்டு மாதிரி இறுகி, அழகான பழுப்பில் கட்டிகளாக வந்தது. இத்தனைக்கும் எல்மோர் காய்ச்சியது வழக்கம் போலப் பச்சைத் தண்ணீரைத்தான். அவருக்கு உண்மை புலப்பட்டுவிட்டது. காய்ச்சுவது என்பதே வெறும் மூடநம்பிக்கை, சோப்புக்காரப் பெண்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வது. அவளிடம் சொல்லித் திருத்தலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார். சொன்னால் கொட்டகைக்கு வேலையில்லாமல் போகும் என்பதால் அறிவைத் தியாகம் செய்தார்.

அதன் பிறகு சோப்புத் தொழில் ஓங்கி வளர்ந்தது. சாயங்காலமானால் கொட்டகையில் ஆவி பறக்கும். டெஸ் வேலி ஏறி வருவார். எல்மோர் கோப்பையைச் சுழற்றி, விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடுவார்.

"மிளகு தெரியுதா டெஸ்?"

டெஸ் சப்புக் கொட்டிப் பார்த்து, "தெரியுதுடா. தொண்டையில லேசாக் கடிக்குது," என்றார்.

"அதுதான் வடக்குச் சரிவு. தெற்குல இந்த மிளகு வராது. ஈறைப் பிடிச்சு இழுக்குதே, அது என்ன?"

"பழைய பீப்பாயா?"

"பழசா? பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய், புத்தம் புதுசு. லேபிள் இல்லாம இதைத் தள்ளிவிட்டிருக்கான் பாரு, முட்டாப் பய."

பழம் கொஞ்சம் வெந்த மாதிரி இருக்கிறதே என்று டெஸ் ஒரு நாள் இழுத்தார். ஜனவரியில் வடகாற்று அடித்த வருஷத்து ஒயின் அப்படித்தான் இருக்கும் என்று எல்மோர் அவரை அடக்கினார். ஒரு வியாழக்கிழமை இரண்டு பேருக்கும் போதை தலைக்கேறி, டெஸ் ஜெர்மன் கீர்த்தனை ஒன்றை முழுதாகப் பாடிவிட்டார். எல்மோர் துணி காயப்போடும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பெப்பர்மின்ட் மென்று, ஒவ்வொரு அடியாக அளந்து வைத்து வீட்டுக்குள் போனார். நோரீன் பின்னல் வேலையிலிருந்து நிமிர்ந்து, பார்த்துப் போ, படி இருக்கிறது என்றாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ரத்தப் பரிசோதனை நாள் நெருங்கும் வரை. எல்மோருக்குத் தூக்கம் போயிற்று. கொட்டகை ஒயின் முழுவதும் ஈரலில் வரிசையாக நின்று கையைத் தூக்கி, நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லப் போகிறது. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் ஆப்பிள் ஜூஸ்தான். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், இதுவே கடைசி என்று நினைத்து டெஸ்ஸுக்குக்கூட ஊற்றாமல் குடித்தார்.

முடிவு சொல்ல டாக்டர் கூப்பிட்டபோது நோரீனும் கூடவே வந்தாள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், எல்மோரைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். வீக்கம் சொல்லி வைத்த மாதிரி இறங்கியிருக்கிறது, இருபது வயதுப் பையனுக்கு இருக்க வேண்டிய ஈரல் என்றார்.

"உண்மையைச் சொல்லுங்க மிஸ்டர் ஹாப்னர். ஒரு சொட்டுகூடத் தொடலையா?"

எல்மோர் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்தார். "ஒரு சொட்டுகூட இல்லை டாக்டர். என் மனைவி பக்கத்துல இருக்கா, அவளையே கேளுங்க."

"நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன் டாக்டர். தொடவே இல்லை," என்றாள் நோரீன்.

டாக்டர் எழுந்து வந்து கை குலுக்கினார். இனி ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு கிளாஸ் குடிக்கலாம் என்று அனுமதியும் கொடுத்தார்.

நோரீன் காரை ஓட்டினாள். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் ஓடின. எல்மோரால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை. ஜெயித்தவன் ஜெயித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டுமே, காரில் வேறு ஆளும் இல்லை.

"டாக்டருக்கு ஒண்ணும் தெரியலை நோரீன். நான் தினமும் குடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்படியா?"

"கொட்டகையில. உன் ஷிராஸ்தான். ஈரலே அதுலதான் சரியாச்சு. மருந்துடி அது."

"எப்படி இருந்தது?"

கோபம் வரும் என்று பார்த்தால் ருசி கேட்கிறாள். எல்மோர் உற்சாகமாகிவிட்டார். மிளகைப் பற்றிச் சொன்னார், வடக்குச் சரிவைப் பற்றிச் சொன்னார், பிரெஞ்சு ஓக்கைப் பற்றி நீளமாகவே சொன்னார். நோரீன் வளைவில் நிதானமாகத் திருப்பிவிட்டுப் பேசினாள்.

"மிளகு நம்ம சமையலறை மிளகு. ஓக் வந்து, முதல் நாள் மிஞ்சின டீ. வாளி பொங்கின அன்னையிலேருந்து எல்லா பாட்டிலையும் நான்தான் நீ தூங்கி எழுந்திருக்கிறதுக்குள்ள காய்ச்சினேன். சாராயம் பூராப் போனதும் தண்ணி விட்டு நிரப்பி, ஒரு ஸ்பூன் காடியும் ஊத்தி மூடிவச்சேன்."

தேவாலயக் கோபுரம் வந்து, பேக்கரி வந்து, இரண்டும் பின்னால் போயின. எல்மோர் நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேனே?"

"ஜன்னல்லேருந்து பார்த்தேன். டெஸ் பொண்டாட்டியையும் கூப்பிட்டுக் காட்டினேன்."

கார் வீட்டு வாசலில் நின்றது. எல்மோர் இறங்கவில்லை.

"அப்போ டாக்டர்கிட்ட நெஞ்சுல கை வச்சு நான் சொன்னது?"

"அந்த முதல் பாட்டிலைக் கழிச்சுட்டா உண்மைதான்," என்றாள் நோரீன், சாவியைத் திருகி எடுத்தபடி. "பொய்யின்னு நினைச்சு நீ சொன்ன முதல் உண்மை."