புல் தின்னப் பழகிய புலியும் மான்கள் சங்கமும்

ஒரு காட்டில், ஓடைக்கு இந்தப் பக்கம், உள்ளே பொந்து விழுந்த பெரிய இலுப்பை மரத்தில் ஓர் உயிரியல் ஆய்வுக்கூடம் இருந்தது. அதை நடத்தி வந்தவள் வடிவு என்கிற எறும்புத்தின்னி. கெட்டிக்காரி, ஆனால் பயந்த சுபாவம். யாராவது குரலை உயர்த்தினால் போதும், சுருண்டு பந்தாகிவிடுவாள். ஆராய்ச்சி எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டாலும் அப்படித்தான்.

அவள் ஆராய்ந்தது கறையானின் வயிற்றை. காய்ந்த கட்டையைத் தின்று ஒரு ஜீவன் எப்படிக் கொழுக்கிறது என்பது அவளுடைய கேள்வி. ஆய்வுக்கென்று வைத்திருந்த கறையான்களில் பாதியைப் பசி நேரத்தில் அவளே தின்றுவிடுவதால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. இருந்தாலும் கண்டுபிடித்துவிட்டாள். கறையானின் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் ஒரு நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி நாரைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்கித் தருகிறது. நொதியைச் செய்யும் வித்தை நுண்ணுயிரியின் ஒரு மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணுவைத் தயிரில் வாழும் நுண்ணுயிரிக்குள் வைத்தபோது, அதுவும் அதே வேலையைச் செய்யத் தொடங்கியது.

இந்தச் செய்தி மான்கள் சங்கத்தின் காதுக்குப் போனது. சங்கத் தலைவர் கிளைக்கொம்பர் நேரிலேயே வந்தார். சில நாள் முன்புதான் அவருடைய மச்சினர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது புலிக்கு இரையாகியிருந்தார். தலைவர் கண்ணீரோடு கேட்டது ஒன்றுதான்: அந்தத் தயிரை மோராக்கிப் புலிக்குக் கொடுத்து, அதைப் புல் தின்ன வைக்க வேண்டும். காட்டில் இனி ரத்தம் சிந்தக் கூடாது. வடிவுக்கும் மனம் இளகிவிட்டது. மோரை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, அந்தப் பெருமை கண்டுபிடித்தவருக்கே உரியது என்று சங்கம் ஒருமனதாக முடிவு செய்தது.

வடிவு மோர்ப்பானையோடு குகை வாசலுக்குப் போனாள். புலியின் வாடை வந்ததுமே சுருண்டுவிட்டாள். புலியின் பெயர் வரியப்பர். வயதானவர். அவள் சுருள் பிரிந்து எழும்வரை காத்திருந்தார். அவள் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டார்.

“முட்டி தேய்ந்துபோச்சு அம்மா. ஓட முடியவில்லை. தூங்குகிறவன் யாராவது கிடைத்தால்தான் சாப்பாடு. பட்டினி கிடக்கிறேன் என்று வெளியே சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. கொடு, குடிக்கிறேன்.”

குடித்தார். மோர் வேலை செய்தது. புல்லை எப்படி மெல்வது என்பதுதான் முதலில் பெரிய பாடாக இருந்தது. வடிவுக்கோ பல்லே கிடையாது, சொல்லிக்கொடுக்க வழியில்லை. மான்கள் மேய்வதை எட்ட நின்று பார்த்து அவராகவே கற்றுக்கொண்டார். மெல்ல மெல்ல உடம்பு தேறியது. மாலையில் ஆய்வுக்கூடத்துப் பக்கம் வந்து உட்கார்ந்து, எந்தப் புல் இனிப்பு, எது வாயு என்று வடிவோடு பேசிக்கொண்டிருப்பார். வடிவு பிறந்ததிலிருந்து இப்படி யார் முன்னாலும் சுருளாமல் உட்கார்ந்ததில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மான்கள் விழா எடுத்தன. வரியப்பரின் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டன. அவர் அங்கேயே அதைத் தின்று முடித்தார்.

நல்ல நுண்ணுயிரிக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. வரியப்பரின் சாணத்திலிருந்து ஓடைக்குப் போனது, ஓடையிலிருந்து சிறுத்தையின் வயிற்றுக்கு, செந்நாய்களின் வயிற்றுக்கு. எல்லாரும் சைவமானார்கள். அடிக்க ஆளில்லாததால் மான்கள் பெருகின. புலியோ காலையில் மேயத் தொடங்கினால் இருட்டும்வரை தலை தூக்காது. கறி போல ஒரு வேளை தின்று மூன்று நாள் படுக்கிற சமாச்சாரம் இல்லையே புல். கோடை வந்தபோது ஓடைக்கரை மொட்டைத் தலையாகக் கிடந்தது.

கிளைக்கொம்பர் வரியப்பரிடம் போய், எங்கள் புல்வெளியை விட்டு விலகிப் போங்கள் என்றார். வரியப்பர், தான் யாரையாவது கீறினேனா, யார் சோற்றையாவது பறித்தேனா என்று திருப்பிக் கேட்டார். தலைவர் திரும்பி நடந்தார். சங்கம் கூடியது. மறுநாள் எல்லா மான்களும் ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றன.

“டாக்டரம்மா, புலியைப் பழையபடி ஆக்கிவிடுங்கள்” என்றார் தலைவர்.

“பழையபடி என்றால் உங்களைத்தானே தின்பார்?”

“எங்களை என்று ஏன் நினைக்கிறீர்கள்? புலி எப்போதும் கடைசியாக ஓடுகிறவனைத்தான் பிடிக்கும். நான் கடைசியாக ஓடுகிறவன் இல்லை.”

நானும் இல்லை என்றது பின்னால் நின்ற மான். நானும் இல்லை என்றது அதற்குப் பின்னால் நின்றது. இப்படியே வரிசையின் கடைசி வரை போயிற்று. வடிவு முடியாது என்றாள். குரல்கள் உயர்ந்தன. அவள் சுருண்டாள். மான்கள் அசையவில்லை. பந்துக்குள் இருந்தபடி பகல் முழுக்கக் குட்டிகளின் பசி அழுகையைக் கேட்டவள், கடைசியில் சரி என்றாள்.

அந்த நுண்ணுயிரியை மட்டும் கொல்லும் ஒரு பூஞ்சையை வளர்த்து, சாறு எடுத்தாள். வரியப்பரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் சாற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரத்தத்தை நினைத்தாலே இப்போது குமட்டுகிறது, வடிவு. ஆனால் புல்லும் இல்லையே. நீ கொடுத்தால் குடிக்கிறேன்.”

குடித்தார். மீதிச் சாற்றை வடிவு ஓடையில் ஊற்ற, அது சிறுத்தைக்கும் செந்நாய்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் குகை வாசலில் நன்றி அறிவிப்புக் கூட்டம். வரியப்பர் அதுவரை எதையும் வாயில் வைக்கவில்லை. ஒட்டிய வயிற்றோடு படுத்திருந்தார். முட்டி தேய்ந்த புலி ஓடவா போகிறது என்ற தைரியத்தில் கிளைக்கொம்பர் அவருக்கு மிக அருகில் நின்று உரையைத் தொடங்கினார். இயற்கையின் சமநிலை, தியாகம், சமுதாய நலன் என்று உரை நீண்டுகொண்டே போனது. வரியப்பர் ஒருமுறை வடிவைப் பார்த்தார். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

கூட்டம் சில அடி பின்வாங்கியது. பிறகு மீதி உரையைத் துணைத் தலைவர் சற்றுத் தள்ளி நின்று வாசித்து முடித்தார். அறிவியலுக்கு நன்றி என்ற இடத்தில் எல்லா மான்களும் வடிவைப் பார்த்துத் தலையாட்டின. அவளும் பதிலுக்குத் தலையாட்டினாள்.

நீதி: எதிரி திருந்திவிட்டால் அவனுக்கும் சாப்பாடு வேண்டும்; ஆகவே யாரையும் திருத்தப் புறப்படும் முன் நம் தட்டில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.