அஞ்சுகட்டை வாசித்த படம்

சித்தூரில் சுருதி சேராமல் தும்மியவர்கள்கூட அஞ்சுகட்டையிடமிருந்து தப்பியதில்லை.

எங்கள் மிஷன் காம்பவுண்டு கோயிலில் பெடல் மிதித்து ஆர்மோனியம் வாசிப்பவர் அவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. உலகத்தில் சத்தம் போடும் எதையும் ஆர்மோனியக் கட்டையில் அளந்து சொல்வது அவர் வழக்கம். பாகாலா ரயில் ஊதினால் "ரெண்டரை" என்பார். குக்கர் விசில் ஆறு. எங்கள் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டெண்ட் ஐயாவின் இருமல் ஒன்று, அதுவும் கொஞ்சம் இறங்கிய ஒன்று. மனிதக் குரலுக்குக் கடவுள் வைத்த சுருதி ஐந்து கட்டை என்பது அவர் கட்சி. ஒரு கல்யாணத்தில் பெண் "சம்மதம்" என்று சொன்னதும் திரும்பிப் பார்த்து, "சுருதி எறங்கிப்போச்சு, இன்னொரு தபா சொல்லும்மா" என்றார். இரண்டாவது முறை அவள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். என் மகனுக்கு அப்போது ஒன்பது மாதம், பல் முளைக்கிற சமயம். நானோ, குழந்தை அழுதால் ஏன் அழுகிறான் என்றும் அழாவிட்டால் ஏன் அழவில்லை என்றும் கவலைப்படுகிறவள். வார்த்தை இல்லாத ஒரு மெட்டை நானாகக் கட்டி முணுமுணுத்துத் தூங்கவைப்பேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"யம்மா, பையன் நாலரையில அழுவுறான். நீ மூணுல பாடிக்கினு கீற. எப்டி தூங்குவான்?"

வெட்கத்தில் குரலை உயர்த்திப் பாடுவேன். குழந்தை தூங்கிவிடுவான். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

என் கணவர் மிஷன் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். மூன்று வருடமாகத் தற்காலிகம். நிரந்தரம் செய்ய வேண்டியவர் கரஸ்பாண்டெண்ட் ஐயா. விஞ்ஞானக் கண்காட்சியில் மனித உடல் படத்துக்குச் சட்டை இல்லை என்று அன்றைய கண்காட்சியையே மூடியவர் அவர். அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கு ஒரு பழைய ப்ரொஜெக்டர் தானமாக வந்தது. "மாஸ்டர், ஒரு நல்ல படமாகக் கொண்டுவந்து போடுங்க, பார்ப்போம்" என்றார் ஐயா. அந்தப் 'பார்ப்போம்' படத்தை மட்டும் குறித்ததல்ல என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

மெட்ராஸில் படம் வாடகைக்கு விடுகிறவர்களிடம் கோள்களைப் பற்றி ஒரு படம் கேட்டோம். அது கைவசம் இல்லையென்று, திருப்பதி கல்லூரியில் ஓடிக்கொண்டிருந்த வேறொரு படத்தை அங்கிருந்தே பஸ்ஸில் அனுப்பச் செய்தார்கள். ஏதோ ஐரோப்பிய மொழிப் படம். டப்பாவோடு கதைச் சுருக்கம் ஒரு தாளும், கல்லூரியில் வேலை செய்யும் நண்பரின் சீட்டும் இருந்தன. சீட்டில் இரண்டே வரி: "நாலாவது ரீலில் முத்தம். ஜாக்கிரதை."

அதற்குள் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ஐயா குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியும் அனுப்பிவிட்டார்.

"நான் முன்னாடி ஐயா பக்கத்துல நின்னு கதை சொல்லணும். நீ ப்ரொஜெக்டர்கிட்ட உக்காரு. நான் இருமினா ஒரு அட்டையை லென்ஸுக்கு முன்னாடி பிடி. மறுபடி இருமினா எடு" என்றார் கணவர்.

"மிஷின் ஓட்டுற டிரில் மாஸ்டர்கிட்ட சொல்லிடலாமே?"

"அவர் வாயில எதுவும் நிக்காது."

"உங்களுக்கு நிஜமாவே இருமல் வந்துட்டா?"

"வராது."

"குழந்தை?"

"மடியில வெச்சுக்கோ."

சனிக்கிழமை மதியம் பள்ளி ஹாலின் ஜன்னல்களைக் கம்பளியால் மூடினார்கள். பெற்றோரும் பிள்ளைகளுமாக இருநூறு பேர். ஆரம்ப ஜெபப்பாட்டு வாசிக்க வந்த அஞ்சுகட்டை, வாசித்து முடித்தும் திரைக்குப் பக்கத்து மூலையில் ஆர்மோனியத்தை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஹாலின் கடைசியில், ப்ரொஜெக்டர் பக்கத்தில், மடியில் மகனையும் கையில் அட்டையையும் வைத்துக்கொண்டு, அட்டை போதுமான அகலம்தானா என்று நாலாவது முறையாக அளந்து பார்த்தேன்.

படம் ஒரு நகரத்தைப் பற்றியது. அங்கே ஒருவர் மேல் ஒருவர் அன்பு வைப்பது குற்றம். எல்லோர் சட்டையிலும் ஒரு எண். தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. மாடிக்கு மாடி காவலர்கள் உட்கார்ந்து எல்லோரையும் கண்காணிப்பார்கள். பாட்டு என்பதே கிடையாது. அடுத்தடுத்த அறைகளில் அடைபட்ட ஒருத்தியும் ஒருவனும், சுவர் வழியாக முணுமுணுக்கும் ஒரு மெட்டினால்தான் ஒருவரையொருவர் அறிகிறார்கள். இதைக் கணவர் தாளைப் பார்த்துச் சொல்லி முடிக்கவும், ப்ரொஜெக்டரில் 'டப்' என்று ஒரு சத்தம்.

"சவுண்டு பல்பு போயிடுச்சி" என்றார் டிரில் மாஸ்டர். "புது பல்பு திருப்பதி போனாதான்."

படம் ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. திரையில் அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்து, உதட்டை மூடி, மெல்லத் தலையை அசைத்தாள்.

"பல்லு வலி போலக்கீது" என்றார் எனக்கு முன்னால் ஒருவர். அந்த வரிசையே சிரித்தது.

ஐயா சிரிக்கவில்லை. "மாஸ்டர், அந்தம்மா என்ன பண்றாங்க?"

"முணுமுணுக்கிறாங்க ஐயா."

"கேக்கலையே."

கணவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். ஐயா கைக்கடிகாரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எங்கள் மூன்று வருடமும் அந்தக் கடிகாரத்தில் ஓடுவதுபோல் எனக்குத் தோன்றியது.

மூலையிலிருந்து கேள்வி வந்தது. "அந்த பொண்ணு இன்னா கட்டை மாஸ்டர்?"

"தாள்ல போடல."

"நானே வெச்சிக்கிறேன்."

பெடல் அசைந்தது. வந்தது என் மெட்டு. சுவர் வழியாகக் கேட்டே பாடம் பண்ணியிருக்கிறார். ஐந்து கட்டைக்கு ஏற்றி, இன்னும் நிதானமாக வாசித்தார். என் சமையலறையை யாரோ இருநூறு பேருக்குத் திறந்துவிட்டதுபோல் கூசிப்போனேன். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் அவன் சுவரில் காது வைத்தபோது, அடுத்த வரியையும் வாசித்தார். அந்த மெட்டுக்கு அடுத்த வரி ஒன்று உண்டு என்பது எனக்கே தெரியாது.

காவலர்கள் வரும்போதெல்லாம் அவர் எந்தக் கட்டையையும் அழுத்தவில்லை. வெறுமனே பெடலை மிதித்தார். துருத்தியின் காற்று மட்டும், பின்னாலேயே யாரோ மூச்சு விட்டுக்கொண்டு வருவதுபோல் ஹாலைச் சுற்றியது. பிள்ளைகள் அம்மாக்களின் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். ஐயா கடிகாரத்தை மறந்துவிட்டார். நான்தான் மறக்கவில்லை. மூன்றாவது ரீல் முடிந்தது. நாலாவது ஏறியது.

இருவரும் காவலுக்குத் தப்பி ஒரு பாழடைந்த கிடங்குக்குள் வந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். கணவர் இருமினார்.

அட்டையைத் தூக்கினேன். வரவில்லை. மறுமுனை என் மகனின் வாயில் இருந்தது. புதிதாக முளைத்த இரண்டு பல்லும் அதில் பதிந்திருந்தன.

"உடு கண்ணு. அட்டைய துன்னக்கூடாது, உடு."

இழுத்தேன். அவனும் இழுத்தான். கணவர் மறுபடி இருமினார். இது முதல் இருமலின் ஞாபகமூட்டலா, எடுக்கச் சொல்லும் இரண்டாவது இருமலா? கையை வைத்து மறைக்கலாமா? கை நிழல் தெரிந்துவிட்டால்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது திரையில் இரண்டு முகங்களுக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. பிறகு நாலு விரல்.

அப்போது ஆர்மோனியம் முழு வாயையும் திறந்தது.

எங்கள் கோயிலில் ஆராதனை முடியும்போது ஆசீர்வாதத்துக்கு முன்னால் வாசிக்கும் மெட்டு அது. முதல் இரண்டு சுரம் காதில் விழுந்தால் போதும், சபை எழுந்து, தலை குனிந்து, கண்ணை மூடும். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களும் தூக்கத்திலேயே எழுவார்கள். அன்று முதலில் எழுந்தவர் கரஸ்பாண்டெண்ட் ஐயா. அவர் பின்னால் இருநூறு பேரும் எழுந்தார்கள். டிரில் மாஸ்டர் அட்டென்ஷனில் நின்று கண்ணை இறுக்கிக்கொண்டார். மற்ற மதத்துப் பிள்ளைகளும் பார்த்து எழுந்தன. "ஏமி, அயிபோயிந்தா?" என்று ஒரு தெலுங்கம்மா பக்கத்தில் கேட்டார். படம் முடிந்துவிட்டதா என்று.

முத்தம் திரைக்குப் போகவே இல்லை. நின்றவர்களின் முதுகில் துண்டுதுண்டாக விழுந்தது. கதாநாயகனின் மூக்கு, ஆறடி உயர ஐயாவின் வெள்ளைக் கோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. ஹாலில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவள் நான் ஒருத்திதான், எனக்குத் தெரிந்தவரை.

ஆர்மோனியம் ஓய்ந்து எல்லோரும் உட்கார்ந்தபோது கிடங்கு போய், தெரு வந்திருந்தது.

"நல்ல படம் மாஸ்டர்," என்றார் ஐயா முடிவில். "நடுவுல ஜெபம் வெச்சிருந்தான் பாருங்க, அது எனக்குப் பிடிச்சது."

அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அஞ்சுகட்டை வீட்டுக்குப் போனேன்.

"எங்க வேலைய காப்பாத்திட்டீங்க சார்."

"இன்னா வேலை?"

சொன்னேன். ஐயா, நிரந்தரம், அட்டை, இருமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, இதில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது என்பது புரிந்தது.

"அப்ப ஏன் அந்த மெட்டை வாசிச்சீங்க?"

அவர் கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"அதுங்க ரெண்டையும் படம் பூரா எவனோ ஒருத்தன் பார்த்துக்கினே கீறான். மாடிலேர்ந்து பார்க்கறான், தெருவுல பார்க்கறான். தப்பிச்சி வந்தா, இங்க எறநூறு பேரு உக்காந்து பார்த்துக்கினு கீறோம். ஒரு நிமிசமாவது அதுங்கள தனியா உட வேணாமா யம்மா?"

நான் என் கணவரின் வேலையை நினைத்துக்கொண்டிருந்தேன். கணவர் ஐயாவை நினைத்துக்கொண்டிருந்தார். ஐயா கடவுளை நினைத்திருப்பார். திரையில் இருந்த அந்த இரண்டு பேரை நினைத்தவர், அத்தனை பெரிய ஹாலில், கல்யாணம்கூட ஆகாத அந்த மனிதர் ஒருவர்தான்.