ஒன்றாம் பிளாட்பாரத்தில் தொலைந்த சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம் பல.

தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு தங்களைக் கண்ணாலேயே பார்த்தேன், நாலு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நலமாகத்தான் இருந்தீர்கள். கொஞ்சம் கோபமாகவும் இருந்தீர்கள்.

இதை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது. "மாமா, நீங்களே நேர்ல போய் எங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க, அப்பதான் அவருக்கு மனசு ஆறும்" என்று தங்கள் மகள், அதாவது என் மருமகள், காலையில் சொல்லி அனுப்பினாள். எங்கள் ஊரிலேயே பிறந்து மூன்று மாதமான பேத்தியைத் தாங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் அதற்குக் காரணம் நான்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் ரயிலைத் தவறவிட்டுத் தாங்கள் தாமதமாக வந்தபோது, அத்தனை பேர் நடுவில், "ரயிலையே பிடிக்கத் தெரியாதவரு மாப்பிள்ளையை எப்படிப் பிடிச்சாரு?" என்று கேட்டேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்தார்கள். தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் வாசலை மிதிக்கவும் இல்லை.

அப்படிப்பட்டவர் வருகிறார் என்றதும் வழி சொல்லும் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் இதே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவனை விட்டால் வேறு யார் சொல்வது? "ஒன்னாம் பிளாட்பாரத்துல கடிகாரத்துக்குக் கீழ நில்லுங்க, நான் வந்துடறேன்" என்று தங்கள் வீட்டுப் போனில் சொன்னேன். அங்கேதான் சனி பிடித்தது. இந்த ஸ்டேஷன் பிறந்தபோது ஒரே தண்டவாளம், ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், மேற்கே ஒரு பிளாட்பாரம், அவ்வளவுதான். ஊர் பெருத்ததும் எதிரே இரண்டாவது வந்தது, கடந்து போக இரும்பு மேம்பாலம் வந்தது. நான் வேலையில் சேர்ந்த வருஷம் வேக ரயிலுக்கென்று மூன்றும் நாலும் வந்தன. ஒன்று என்பது என் டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுபெற்ற அன்று, இனி அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சபதம் செய்து, ஏழு வருஷமாக அதைக் காப்பாற்றியும் வந்தேன். அதற்குள் கிழக்கே பெரிய சாலை வந்து, அந்தப் பக்கம் புது வாசல், புது டிக்கெட் கூடம், சுரங்கப்பாதை என்று கட்டி, எண்களையும் புது வாசலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். என் ஒன்று இப்போது நாலு. பழைய நாலு இப்போது ஒன்று. கடிகாரமும் அங்கே குடிபோய்விட்டது. என் ஜன்னலில் ஒருவர் தேநீர் விற்கிறார்.

ஆக, நான் சொன்ன சொல் தவறாமல் தாங்கள் புது ஒன்றில், கடிகாரத்துக்குக் கீழே, கையில் ஒரு மர யானையோடு நின்றீர்கள். நான் பழைய ஒன்றில், கடிகாரம் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே நின்றேன். என் கைபேசி வீட்டில் கிடந்தது. தங்களுக்கோ அந்தச் சனியனே ஆகாது. ஒரு வழியாகத் தங்களைக் கண்டுபிடித்து, முழங்கால் வலியோடு மேம்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் தங்களைக் காணோம். தாங்கள் என்னைப் பார்த்துவிட்டுச் சுரங்கப்பாதை வழியாக இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்கள். சரி, நானும் சுரங்கப்பாதையில் போவோம் என்று இறங்கினேன். தாங்கள் மேம்பாலத்தில் ஏறிவிட்டீர்கள். மறுபடி நாலு தண்டவாளம், அந்தக் கரையில் நீங்கள், இந்தக் கரையில் நான். மூச்சு வாங்கியது. "அங்கேயே நில்லுங்க, நான் வர்றேன்" என்று கையை ஆட்டினேன். ஆட்டிய வேகத்தில் அது "போ, போ" என்று விரட்டுவதுபோல் ஆகிவிட்டது, எனக்கே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து நடுவில் ரயில் வந்து நின்றது. அது போனபோது நீங்கள் இல்லை.

ஓடிப்போய் அறிவிப்பு அறையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன்.

"காணாமப் போனது குழந்தையா, பையா?"

"என் சம்பந்தி."

"அதுக்குத் தனியா ஃபாரம் இல்லையே சார்."

"நான் இங்க முப்பத்தொரு வருஷம் டிக்கெட் குடுத்தவன்மா!"

"அப்படியா? எந்த ஜன்னல்ல?"

"டீக்கடையில" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, "சம்பந்தி அவர்கள் உடனே நிலைய அலுவலகத்துக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர், "எந்தச் சம்பந்தி கூப்பிட்டது? எனக்கு ரெண்டு பேரு இருக்காங்க" என்று வேறு கேட்டார். நீங்கள் வரவில்லை. அந்த ரயிலிலேயே ஏறி ஊர் திரும்பிவிட்டீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சம்பந்தி, நான் விரட்டவில்லை. அன்றைக்குக் கல்யாணத்தில் சொன்னதுதான் தப்பு, இன்றைக்குக் கையை ஆட்டியது தப்பில்லை. இரண்டு வருஷமாக வாய்வரை வந்து நின்ற மன்னிப்பை இந்தத் தாளில் கேட்கிறேன். என் மேல் உள்ள கோபத்தைக் குழந்தைமேல் காட்ட வேண்டாம். வீட்டில் சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். எல்லாரும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளையைப் பெற்ற பாவி

பின்குறிப்பு: தபால் தலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அப்போதே வழி விசாரித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டீர்களாம். "உன் மாமா, வீட்டுக்குப் போங்க, பின்னாலேயே வர்றேன்னு கையைக் காட்டினாரு. நல்ல மனுஷன்மா" என்று மகளிடம் சொன்னீர்களாம். ஒரு மணி நேரம் பேத்தி உங்கள் மடியில் தூங்கினாளாம். அப்புறம், "மனுஷனை இன்னும் காணோமே, வழி தெரியாம எங்கயாவது சுத்தறாரோ" என்று கவலைப்பட்டு, என்னைத் தேடி ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டீர்களாம். ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். நான் உங்களைத் தேடி ஸ்டேஷனுக்குப் போகிறேன். கடிதத்தை மருமகளிடம் கொடுத்திருக்கிறேன். எனக்கு முன்னால் நீங்கள் திரும்பிவிட்டால், தயவுசெய்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். தூங்குகிற குழந்தையை வைத்துக்கொண்டு யாரும் எழுந்து போக மாட்டார்கள்.